எடைமேடையில் தோற்கும் தரம்பிரிப்பு

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டவை. 2016 விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்ன வீட்டுக் குப்பையை இவை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக்கழிவு; உலர்கழிவு; நாப்கின், டயப்பர் அடங்கிய சுகாதாரக் கழிவு; பல்பு, பெயின்ட் டப்பா, காலாவதி மருந்து போன்ற சிறப்புக் கவனக் கழிவு. இதை மனதார வரவேற்கிறோம். அழுக்கு டயப்பரை வெறுங்கையால் பொறுக்கி எடுக்கும் கொடுமை தூய்மைப் பணியாளருக்கு இனியாவது தீர வேண்டும்.

ஆனால் கூடையின் எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. வீட்டில் பிரித்த குப்பை வண்டியில் கலக்கிறது என்பது பத்தாண்டுப் புகார். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று நாம் அதைக் கடந்துவிடுகிறோம். தான் பிரித்துக் கொடுத்ததைக் கண்ணெதிரே ஒரே தொட்டியில் கவிழ்ப்பதைப் பார்த்தவர் மறுநாள் எதற்காகப் பிரிப்பார்?

கோளாறு பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. டன் கணக்கில் பணம் தரும் ஒப்பந்தத்தில் எடைமேடைச் சீட்டுதான் பில். ஈரக்கழிவைத் தெருமுனை நுண் உரமாக்கல் மையத்தில் இறக்கினால் எடை போகும். உலர்கழிவைத் தனியே கொடுத்தாலும் போகும். மண்ணும் கட்டட இடிபாடும் கலந்தால் எடை ஏறும். விதியை மதிக்கும் ஒப்பந்ததாரருக்கு நட்டம், மீறுபவருக்கு லாபம். நனைந்த காகிதத்தைக் காயலான் கடைக்காரர் தொடமாட்டார். கண்ணாடித்தூள் கலந்த உரத்தை விவசாயி வாங்கமாட்டார். ஈரம் ஏறிய பிளாஸ்டிக்கை சிமென்ட் ஆலை எரிபொருளாக ஏற்கத் தயங்கும். எஞ்சுவது கிடங்குக்குப் போகிறது. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் கிடங்கும் 2024 ஏப்ரலில் கோவையின் வெள்ளலூர்க் கிடங்கும் எரிந்ததை நம் துறையில் யாரும் மறந்திருக்க முடியாது.

சத்தீஸ்கரின் அம்பிகாபூரைப் பாருங்கள். அங்கே மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வீடு வீடாகச் சேகரித்து, தாங்களே தரம்பிரித்து விற்கின்றன. கலந்தால் நட்டம் அவர்களுக்கே என்பதால் கலப்பதில்லை. ஊரின் பழைய குப்பைக் கிடங்கு இன்று பூங்கா. நம் மாநகரங்கள் அம்பிகாபூரைவிடப் பல மடங்கு பெரியவை, உண்மைதான். ஆனாலும் வருமானம் தரத்தைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை ஒரு வார்டு அளவில் எங்கும் செய்யலாம்.

புதிய விதிகளுக்கேற்ப டெண்டர் ஆவணங்களைத் திருத்தும் பொறியாளர்களிடமும் சுகாதார அலுவலர்களிடமும் எங்கள் வேண்டுகோள் இது: டன் கணக்கை விடுங்கள். பிரித்துப் பெற்ற வீடுகளின் எண்ணிக்கைக்கும், வளமீட்பு மையத்தில் ஒதுக்கப்படும் கழிவின் குறைவுக்கும் பணம் கொடுங்கள். உலர்கழிவு விற்ற தொகையில் பணியாளரின் பங்கை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதிய நகராட்சிகள் தங்கள் ஷரத்துகளை எங்களுக்கு அனுப்பினால், மற்றவர்கள் எடுத்தாள வசதியாக முழுமையாக வெளியிடுவோம்.