பழசு என்றால் பொம்மையா?



மும்பையில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன், சோர் பஜாரில் வாங்கிய துப்பாக்கியோடு படம் போட்டிருந்தான். 46 பேர் "சூப்பர்" போட்டிருக்கிறீர்கள். கேட்டால், "பழசு சார், லைசென்ஸ் வேண்டாம்னு கடைக்காரரே சொன்னார்" என்கிறான். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்?

1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் பழைய ஆயுதத்துக்கு விலக்கு உண்டு, உண்மைதான். வரியை முழுசாகப் படியுங்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் மட்டும் போதாது.

சரி, அது பழசாவது தானா? விக்டோரியா ராணி முத்திரை, அதன் கீழே 1906. ராணி 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார்! எட்டாம் வகுப்பில் இவனுக்கு வரலாறு எடுத்தது நான்தான், என் தலையெழுத்து. கைபர் கணவாய்ப் பக்கம் தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் இப்படித்தான் பார்த்துப் பார்த்து முத்திரை அடிப்பார்கள். ஆங்கில 'என்' எழுத்துகூடத் திரும்பி நிற்கும். முத்திரைதான் போலி, துப்பாக்கி சுடும்.

வரலாற்று ஆர்வமாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடம் இருக்கிறதே, எத்தனை பேர் போனீர்கள்? பட்டாளத்துத் தண்ணீர் பாட்டில், திசைகாட்டி வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது?

தம்பி, இரண்டாவது படத்தில் உன் மகள் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கிறாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு ராத்திரி தூக்கமில்லை. நாளைக்கே ஒரு வக்கீலைப் பார்த்து, முறையாக ஒப்படைக்க வழி கேள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல், ரயிலேறி வருகிறேன்.