ஓர் அளவு பெரிய சப்பாத்து

பாடசாலை தொடங்கும் நாட்களில் கண்டிச் சப்பாத்துக் கடைகளில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காணலாம். தந்தை பிள்ளையின் காலில் சப்பாத்தை மாட்டி, நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். பின்னர், "இன்னும் ஓர் அளவு பெரிதாகத் தாருங்கள், வளருகிற பிள்ளை" என்பார். என் தந்தையும் அவ்வாறே கேட்டார், நானும் கேட்டேன். நுனியில் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நடந்தவன் பின்னாளில் பத்திரிகைக்காரனானது வேறு கதை.

இப்பழக்கம் கடல் கடந்தும் சென்றிருக்கிறது. ஒன்ராறியோவில் வாழும் என் பேரனுக்குப் பதின்மூன்று வயது. ஸ்னோபோர்டிங் என்னும் பனிச்சறுக்கில் அவனுக்குப் பெருவிருப்பம். இரு பாதங்களையும் ஒரே பலகையில் பிணைத்து, பக்கவாட்டில் நின்றபடி சரிவில் இறங்கும் விளையாட்டு அது. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷேர்மன் பொப்பன் என்பவர் தம் மகள்மாருக்காக இரு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்ததில் தொடங்கி, 1998இல் நகானோ ஒலிம்பிக் வரை வளர்ந்தது. மருமகன் மகனுக்கு ஒரு பழைய பலகையும், ஓர் அளவு பெரிய சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தார். ஒரு குளிர்காலம் முழுவதும் விழுந்தெழுந்த பையன், இறுதியில் மணிக்கட்டை முறித்துக்கொண்டான். "உனக்கு இது சரிவராது" என்றார் தந்தை. "தாத்தா, விட்டுவிடப் போகிறேன்" என்று தொலைபேசியில் அழுதான் பேரன்.

நுவரெலியாப் புல்லில் படியும் உறைபனிக்கு மேல் பனியறியாதவன் நான். ஆயினும் பேரனுக்காகத் தேடிப் படித்தேன். அவன் கற்க விரும்பியது 'கார்விங்', அதாவது செதுக்குதல். பலகையின் இடை ஒடுங்கி, இரு முனைகளும் அகன்றிருக்கும். அதை விளிம்பில் சாய்த்தால் வில்லாக வளைந்து தானே திரும்பும். பனியில் பென்சில் கோடு போன்ற மெல்லிய தடம் விழுந்தால் அது செதுக்கல்; விளக்குமாற்றால் பெருக்கியது போல் அகன்ற தடம் விழுந்தால் அது வெறும் சறுக்கல். மென்சரிவில் ஒரு விளிம்பில் மட்டும் நின்று குறுக்காகச் சென்று, திரும்பித் தன் தடத்தைப் பார்ப்பதே முதற்பாடம்.

போட்டியாளர் பலர் இதற்கு வன்சப்பாத்து அணிவர். மென்சப்பாத்தில் கணுக்கால் தாராளமாக அசையும். ஆகவே அளவு இன்னும் கச்சிதமாக இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் விரல்கள் நுனியை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கும்போது குதிகால் எழும்பலாகாது. எழும்பினால், கால் சாய்ந்தும் பலகை சாயாது. பையன் உடம்பையே வீசித் திருப்பப் பார்ப்பான், விழுவான். மேலும், பெரிய சப்பாத்தின் நுனி பலகைக்கு வெளியே நீண்டு, சாய்க்கும்போது பனியில் இடித்து விளிம்பையே தூக்கிவிடும். இதைக் குறைக்கவே, செதுக்க விரும்புவோர் பலர் இரு பாதப் பிணைப்புகளையும் முன்னோக்கித் திருப்பிக்கொள்கிறார்கள். முன்காலுக்கு 30 பாகை, பின்காலுக்கு 15 பாகை என்பது ஓர் உதாரணம்.

இவற்றைப் படித்தபோது எம்பக்கே நினைவுக்கு வந்தது. கண்டிக்கு அண்மையில், கம்பளை அரசின் காலத்தில் 14ஆம் நூற்றாண்டில் எழுந்த கதிர்காமக் கடவுளின் தேவாலயம் அது. அதன் மேள மண்டபத் தூண்களின் மரச் சிற்பங்களைப் பார்க்க உலகமே வருகிறது. அப்பகுதியில் மரம் செதுக்கும் முதியவர் ஒருவர் முன்பொரு முறை என்னிடம் சொன்னார்: "வருகிற பையனுக்கு முதலில் செதுக்கக் கொடுப்பதில்லை, உளி தீட்டத்தான் கொடுப்போம்." மழுங்கிய உளியைக் கொடுத்துவிட்டு, கை சரியில்லை என்று அவர் எந்தப் பையனையும் விரட்டியதில்லை.

நாமோ அதைத்தான் செய்கிறோம். பொருந்தாத கருவியைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குத் திறமை இல்லை என்று தீர்ப்பெழுதுகிறோம். நித்தவளையில் றகர் ஆடும் சிறுவனுக்கும் ரொறன்ரோவில் சறுக்கும் சிறுவனுக்கும் இது பொருந்தும்.

சிக்கனத்தை நான் பழிக்கவில்லை. அகதியாகச் சென்று இரட்டை வேலை பார்த்தவரின் சிக்கனம் மதிப்புக்குரியது. ஆனால் வளரும் காலுக்கு வழி, பெரிய சப்பாத்து வாங்குவதன்று. சரியான அளவை வாடகைக்கு எடுப்பது. பலகை பழையதாக இருக்கட்டும். மிஞ்சும் பணத்தை மணிக்கட்டுக் காப்புக்கும் இரண்டு மூன்று பாடங்களுக்கும் செலவிடலாம். புதிதாகப் பழகுவோர் அதிகம் காயப்படுவது மணிக்கட்டில்தான்.

இதையெல்லாம் மருமகனுக்கு எழுதினேன். "மாமா, எங்கள் வீட்டிலும் பத்திரிகைத் தாள்தான்" என்று மட்டும் பதில் வந்தது. அடுத்த குளிர்காலத்தில் வாடகைச் சப்பாத்து எடுத்தார்கள். பையன் அப்போதும் விழுந்தான். ஆனால் ஒருநாள் எனக்கொரு நிழற்படம் அனுப்பினான். அதில் அவன் இல்லை. வெண்பனியில் ஒரு கோடு மட்டும் இருந்தது. பென்சிலால் கீறியது போல.