விழிக்குள் ஏற்றிய கலவை

கண்புரையை நீக்கும் ரண சிகிச்சை இக்காலத்தில் அபாயம் மிகக் குறைந்தது என்பது வைத்தியர்கள் யாவரும் ஒப்பும் விஷயம். அத்தகைய சிகிச்சைக்காகச் சென்று பார்வைக்கே ஊறு தேடிக்கொண்டவர்களின் பரிதாபத்தை, அமெரிக்க உணவு மருந்து நிர்வாக இலாகா 2017-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் வெளியிட்டது. டெக்ஸாஸ் மாகாணத்து டல்லாஸ் நகரில் குறைந்தது 43 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். பார்வை மங்கிற்று, நிறங்கள் வேறுபாடு தெரியாது போயின, இரவில் கண் தெரியவில்லை, சிலருக்குப் பார்வையின் பரப்பே சுருங்கிற்று.

சிகிச்சையின்போது இவர்களுடைய விழியின் உட்புறத்தில் ஓர் ஊசி போடப்பட்டது. வீக்கத்தைத் தணிக்கும் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டும், கிருமிகளைக் கொல்லும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் கலந்த மருந்து அது. எதற்காக? வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும் தொல்லை நீங்குவதற்காக!

இம்மருந்துகள் இரண்டும் வைத்திய உலகில் நன்கு தெரிந்தவையே. அவற்றை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் இக்கலவை இலாகாவின் அங்கீகாரம் பெற்றதன்று. மருந்துக் கலவைக் கடை ஒன்றில் தயாரானது. பரிசோதித்தபோது பாலக்ஸமர் 407 என்ற சேர்மானமும், அது சிதைந்து உண்டான பொருள்களும் அதில் காணப்பட்டன.

இத்தகைய கடைகளால் விளையும் தீங்கை அமெரிக்கா அறியாததன்று. 2012-இல் மாஸசூஸெட்ஸில் கலந்த வேறொரு ஸ்டீராய்டு மருந்தில் பூஞ்சை புகுந்து, அதை முதுகில் ஏற்றிக்கொண்டவர்களில் 60 பேருக்கு மேல் மாண்டனர். மறுவருஷமே புதுச் சட்டம் வந்தது. வந்து என்ன பயன்? மொத்தமாகக் கலவை செய்வோர் இலாகாவில் பதிந்துகொண்டு கடுமையான சோதனைக்கு உட்படலாம் என்றது சட்டம். உட்பட்டே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. விதியை ஏற்பதும் விடுவதும் வியாபாரியின் இஷ்டமெனில், அச்சட்டம் யாரைக் காக்கும்?

இவ்விபத்து அபூர்வமானது என்று சமாதானம் கூறுவோர் உண்டு. ஆயிரக்கணக்கில் கண்களை எண்ணும் வைத்தியருக்கு அது அபூர்வந்தான். மேலும், புரையை அகற்றச் சம்மதித்துக் கையெழுத்திடுபவர், அங்கீகாரமற்ற கலவையை விழிக்குள் ஏற்றவும் சம்மதித்தவராகார். அம்மருந்து எங்கே தயாரானது, யார் சோதித்தார்கள், சொட்டு மருந்தென்ற மாற்று வழி உண்டா என்பவற்றை நோயாளிக்கு அவரறிந்த பாஷையில் கூறி, தனியாகவே சம்மதம் பெறவேண்டும். மொத்தக் கலவைக்காரரின் பதிவையும் தாமதமின்றிக் கட்டாயமாக்க வேண்டும்.