ஜீசஸ் யூத்: ஊற்றுக்கண் எது?

ஜீசஸ் யூத் என்னும் கத்தோலிக்க இளைஞர் இயக்கம் 1985இல் பிறந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது ஐ.நா. அறிவித்த உலக இளைஞர் ஆண்டு. கொச்சியில் ‘ஜீசஸ் யூத் 85’ மாநாடு கூடியது, பெயரும் அங்கிருந்தே நிலைத்தது. ஆனால் அந்த மாநாட்டுக்கு இளைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் கணக்கு பின்னோக்கிப் போகிறது. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த டுகேன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு வார இறுதித் தியானத்தில் கூடியதிலிருந்து கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் முளைத்தது. 1970களில் அது கேரளத்துக்கு வந்தபோது கல்லூரி மாணவர்களின் சிறு செபக்குழுக்களில்தான் வேர்பிடித்தது. கொஞ்சம் பாட்டு, ஒரு விவிலியப் பகுதி, பக்கத்தில் இருப்பவனுக்காக ஒரு செபம்: வாரந்தோறும் இவ்வளவுதான். மாநாடு அந்தக் குழுக்களின் விளைச்சல். 2016இல் வத்திக்கான் தந்த அங்கீகாரமும் அப்படியே. நம் குமரி மாவட்டத்தின் கடியப்பட்டணம் போன்ற கடற்கரைப் பங்குகளில் எழுப்புதல் என்றதும் பந்தலும் ஒலிபெருக்கியும் வெளியூர்ப் பிரசங்கியாரும் நினைவுக்கு வருவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விளைச்சலை மட்டும் வாங்கி வந்து நம் மண்ணில் ஊன்ற முடியாது.

இந்த அருங்கொடைச் செபமெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த அந்நியச் சரக்கு என்பார்கள். ஆனால் இவ்வகைச் செபத்துக்கு முன்னோடியான பெந்தேகோஸ்தே இயக்கத்தின் தொட்டிலாகச் சொல்லப்படும் அசுசா தெருக் கூட்டங்கள் 1906இல்தான் தொடங்கின. அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் சபையில் எழுப்புதல் பற்றிக்கொண்டு திருவிதாங்கூருக்கும் பரவியது. அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் நம் அண்டைச் சீமையின் வரலாறு அது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. செபத்தில் மூழ்குகிற பையன் கடலுரிமைப் போராட்டத்துக்கு வருவானா? ஒக்கிப் புயல் 2017இல் நம் மாவட்டத்துக் கடலோடிகளை வாரிக்கொண்டு போன பிறகு, இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கிறவர் இந்தக் கரையை அறியாதவர். துன்பமெல்லாம் சாத்தானின் வேலை என்று கற்பிக்கும் தியானங்கள் இளைஞனை முடக்கிப்போடும் என்பது உண்மை. ஆனால் ஜீசஸ் யூத் தனக்கு வகுத்துக்கொண்ட ஆறு தூண்களில் ஏழைகள் பக்கம் நிற்பதும் ஒன்று. பெல்ஜியத்தில் 1925இல் இளம் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டிய கார்டைன் பாதிரியாரும் செபத்தையும் தொழிற்சாலையையும் பிரித்துப் பார்க்கவில்லை. கோட்டாறு மறைமாவட்டத்தின் அன்பியங்கள் எனப்படும் அக்கம்பக்கத்துச் சிறு சமூகங்களில் வேதம் வாசிக்கிற அதே வீட்டு முற்றத்தில்தான் தெருவின் தண்ணீர்ப் பிரச்சினையும் பேசப்படுகிறது. ஆகவே குறை செபத்தில் இல்லை, செபம் எங்கே நின்றுவிடுகிறது என்பதில் இருக்கிறது.

கேரளத்துக் குழுக்களுக்குக் கல்லூரி வளாகம் ஓர் ஒழுங்கைத் தந்தது. மாணவர்கள் தினமும் ஒரே இடத்தில் இருந்தார்கள். நம் பையன்களில் பலர் கடலில் இருக்கிறார்கள், வளைகுடாவில் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்று பலகையில் எழுதிப்போட்டால் படிக்கிற பிள்ளைகள் மட்டுமே வருவார்கள், தொழிலுக்குப் போகிறவன் வெளியே நிற்பான். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதத் தடைக்காலமும் இருக்கிறது. பங்கு இளைஞர் குழு அடுத்த ஆண்டுத் திட்டத்தை எழுதுமுன், படகுக்குப் போகிற பையன்களிடம் நாள் கேட்கட்டும்.