வால்வு இல்லாவிட்டால் ராக் இல்லையா?

எழுபதுகளின் ஹார்டு ராக் கிட்டார் ஓசை வேண்டுமென்றால் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்தான் வேண்டும். ஆம்பைக் கணக்கால் பாவனை செய்யும் டிஜிட்டல் மாடலரில் வருவதெல்லாம் உயிரில்லாத நகல். கிட்டார் வாசிப்பவர்கள் கூடும் இடங்களில் எல்லாம் இந்தத் தீர்ப்பைக் கேட்கலாம். மூத்தவர்கள் சொல்கிறார்கள், வால்வு ஆம்பின் முன்னால் ஒரு நாளும் நின்றிராத பையன்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை பொய். காசில்லாத வாசிப்பாளனை இசையிலிருந்து ஒதுக்கி நிறுத்துகிற பொய் என்பதால், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். லெட் செப்பலின் 1971இல் வெளியிட்ட 'பிளாக் டாக்' பாடலின் கிட்டார், ராக் இசையின் முரட்டுத்தனத்துக்கு இன்றும் உதாரணமாகக் காட்டப்படுவது. அந்தக் கிட்டாருக்கு ஆம்பே இல்லை. குழுவின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் லெஸ் பால் கிட்டாரை ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் நேராக மிக்ஸரின் மைக் ப்ரீஆம்பில் செருகி, அதையே கரகரக்க வைத்து, இரண்டு கம்ப்ரெஸர்களை அடுத்தடுத்து மாட்டிப் பதிவு செய்தார். டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' 1987இல் வந்தது. அதன் கிட்டார்களில் பெரும்பகுதி ராக்மேன் வழியாகப் பதிவானவை. ராக்மேன் என்பது பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் உருவாக்கிய, இடுப்பில் மாட்டிக்கொள்ளக்கூடிய ஹெட்ஃபோன் ஆம்ப். அதில் ஒரு வால்வுகூடக் கிடையாது. இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் வால்வு இல்லாமல் ராக் இல்லை என்று சொன்னால், தாங்கள் நேசிக்கும் இசை எப்படி உருவானது என்பதையே அறியாமல் பேசுகிறார்கள் என்றுதான் பொருள்.

மார்ஷல் ஆம்பில் பிறந்த ஓசைகளையே எடுத்துக்கொள்வோம். ஏசி/டிசி குழு 1980இல் பஹாமாஸ் நாட்டின் நாசோ நகரில், காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. தயாரிப்பாளர் மட் லாங், ஒலிப்பதிவாளர் டோனி பிளாட். அந்தக் கிட்டாரைத்தான் நாம் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நம் காதுக்கு வருவது ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி: கிட்டார், ஆம்ப், ஸ்பீக்கர், மைக், அறை, மிக்ஸர், டேப். மேடைக்காக வாங்கிய ஷாஃபர்-வேகா என்ற கம்பியில்லாக் கருவியை குழுவின் கிட்டாரிஸ்ட் ஆங்கஸ் யங் ஸ்டூடியோவிலும் பயன்படுத்தினார். ஒலியை அமுக்கி விரிக்கும் அந்தக் கருவி அவருடைய டோனுக்குத் தனி விறைப்பைக் கொடுத்தது. இத்தனை கண்ணிகளில் வால்வு ஒன்று மட்டுமே. மார்ஷல் ஆம்பை வாங்கி வீட்டில் வைத்தவனுக்கு அந்த ஆல்பத்தின் ஓசை கிடைக்காததன் காரணம் இதுதான்.

நல்ல மாடலர் பாவனை செய்வது இந்தச் சங்கிலி முழுவதையும். ஆம்பின் சர்க்யூட், அதன் மின்வழங்கி திணறும் விதம், ஸ்பீக்கர், அதன் முன்னால் வைத்த மைக் எல்லாமே அதற்குள் கணக்காக ஓடுகின்றன. தொண்ணூறுகளின் கருவிகள் கேட்கச் சகிக்கவில்லை என்பது உண்மை. அன்றைய குறை அன்றைக்கு நியாயமான குறை. டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு புதிய மேல்சுரங்களை உண்டாக்கும். டிஜிட்டல் கருவியின் எல்லைக்கு மேலே போகும் சுரங்கள் மடங்கிக் கீழே வந்து, ராகத்துக்குச் சம்பந்தமில்லாத கீச்சொலியாக ஒட்டிக்கொள்ளும். இன்றைய கருவிகள் பல மடங்கு வேகத்தில் கணக்கிட்டு அதைக் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைத்துவிட்டன. 2006இல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் மாடலர், 2011இல் கெம்ப்பர் மாடலர், பிறகு நியூரல் நெட்வொர்க் வழியாக ஆம்பைக் கற்றுக்கொள்ளும் இலவச மென்பொருள்கள் என்று துறை எங்கேயோ போய்விட்டது. பழைய குற்றச்சாட்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அப்படியானால் ஏன் இத்தனை பேருக்கு மாடலரில் நல்ல ஓசை வருவதில்லை? கரகரப்பைக் கூட்டும் கெயினைத் திருகிக்கொண்டே போவதால். 'பேக் இன் பிளாக்' பாடலின் தொடக்கத்தில் ஈ, டி, ஏ என்று மூன்று கார்டுகள் விழுகின்றன. காது கொடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு கார்டிலும் கம்பிகள் பிரிந்து கேட்கின்றன. இடையில் சுத்தமான அமைதி இருக்கிறது. இடது பக்கம் வாசிப்பவர் குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்ட் மால்கம் யங். தடித்த கம்பிகள் மாட்டிய கிரெட்ச் கிட்டார். ஏறக்குறைய சுத்தமான ஓசை. வலது பக்கம் ஆங்கஸின் எஸ்ஜி, சற்றே கூடுதல் கரகரப்போடு. இருவரும் சேரும்போதுதான் அந்த மலை போன்ற கனம் வருகிறது. மாடலரில் அறுபதுகளின் மார்ஷல் வகையைத் தேர்ந்தெடுத்து, கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கி, கிரீன்பேக் வகை ஸ்பீக்கரின் ஓசைப் பதிவைப் போட்டு, அழுத்தி வாசியுங்கள். பிறகு அதே வரியை இன்னொரு முறை வாசித்து மறுபக்கம் வையுங்கள். ஓசை வந்து நிற்கும். வராவிட்டால் குறை பெரும்பாலும் வலது கையில் இருக்கும். அதை எந்த வால்வும் சரிசெய்யாது.

விரலுக்குக் கிடைக்கும் உணர்வு வேறு, டிஜிட்டலில் ஒலி தாமதமாக வருகிறது என்பார்கள். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் ஒன்பது மில்லிசெகண்ட் தாமதத்தோடுதான் தன் வாசிப்பைக் கேட்கிறார். நல்ல மாடலர்களின் தாமதம் இதைவிடக் குறைவு. 100 வாட் மார்ஷலை முழுச் சத்தத்தில் வைத்து அதன் முன் நிற்கும்போது நெஞ்சில் மோதும் காற்றும், கிட்டாரும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தூண்டிப் பாடும் ஃபீட்பேக்கும் பெரிய அனுபவங்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை சத்தத்தின் விளைவுகள். மாடலரை நல்ல ஸ்பீக்கரில் அதே சத்தத்துக்கு ஏற்றினால் அங்கேயும் அவை உண்டு. ஹெட்ஃபோனில் மெதுவாகக் கேட்ட மாடலரையும் அறை அதிரக் கேட்ட ஆம்பையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுவது நேர்மையான சோதனை ஆகாது.

மேடையிலும் இதற்குச் சான்று உண்டு. மெட்டாலிகா குழு 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில், அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் வாசித்தது. சுற்றுச்சூழலைக் காக்க அங்கே பெரிய ஸ்பீக்கர்கள் வைக்கவில்லை; பார்வையாளர்கள் ஹெட்ஃபோனில் கேட்டார்கள். கிட்டார்கள் ஓடியது ஆக்ஸ்-எஃப்எக்ஸ் மாடலர்களில். அதற்குப் பிறகு உலகச் சுற்றுப்பயணங்களிலும் குழு அந்தக் கருவிகளையே பயன்படுத்தியது. எந்த ஆம்பையும் விலைகொடுத்து வாங்கக்கூடியவர்கள் எடுத்த முடிவு இது.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் மகிழ்ச்சியாக வாசிக்கட்டும். அது அருமையான கருவி. ஆனால் அடுக்குமாடி வீட்டில், ஒரு மடிக்கணினியும் மலிவான கிட்டாரும் வைத்துக்கொண்டு பழகும் பிள்ளையிடம் "உன்னுடையது உண்மையான டோன் இல்லை" என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: கெயினைக் குறை, பழைய பதிவுகளைக் கவனித்துக் கேள், கையைப் பழக்கு.