ஷூட்டிங் கோட்டு

மார்ச் முடிந்து, பின்னாடியே ஆடிட் முடிந்து, இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. அதற்குள் இங்கே ஷில்லாங்கில் மழை ஆரம்பித்துவிட்டது. "பிள்ளைக்கு அந்தப் பக்கம் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, என்ன மாதிரி மழைக்கோட்டு வாங்கலாம்?" என்று போன வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குப் பதில் சொல்வதைவிட ஒரே பதிவாகப் போட்டுவிடுகிறேன். பி.காம். படித்தவனுக்கும் துணி விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எல்லாம் அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

அந்த அடியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர். என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மாஃப்லாங் பக்கம் டேவிட் ஸ்காட் பாதையில் நடைபயணம் கூட்டிப் போனார்கள். பதினாறு கிலோமீட்டர். கௌஹாத்தி மாலில் தள்ளுபடியில் 2,400 ரூபாய்க்கு வாங்கிய ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினேன். லேபிளில் 'வாட்டர் ரிப்பெல்லன்ட்' என்று போட்டிருந்தது. எனக்கு அதுவும் 'வாட்டர் ப்ரூஃப்'பும் ஒன்றுதான். உள்ளே பருத்தி பனியன், கீழே ஜீன்ஸ். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, கூடவே காற்று. குளிர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பதினைந்து பதினாறு டிகிரி இருந்திருக்கும். மூன்று மணி நேரம் நனைந்தபடியே நடந்திருக்கிறாள்.

பாதை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அந்தக் கடைக்கார கோங் (இங்கே அக்காவைக் 'கோங்' என்றுதான் கூப்பிடுவார்கள்) இவளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். கேட்ட கேள்விக்கு இவள் குழறிக் குழறிப் பதில் சொல்லியிருக்கிறாள். ஜிப்பைக் கழற்ற விரல் வரவில்லை. அந்த அம்மா உள்ளே கூட்டிப்போய், ஈரத்துணி எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு, தன் சால்வையைச் சுற்றி அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, சர்க்கரை போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பு உதறிக்கொண்டிருந்தது. "நடுங்குறது நல்லதுதான். நடுக்கம் நின்னு, பிள்ளை தூங்க ஆரம்பிச்சிருந்தாதான் ஆபத்து" என்றார் அன்றைக்கு ராத்திரி பார்த்த டாக்டர். ஹைபோதெர்மியா என்பது பனிமலை ஏறுகிறவர்களுக்கு வருவது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நனைந்த உடம்பில் காற்று பட்டால் போதும், பத்துப் பதினைந்து டிகிரியிலேயே வரும்.

கோடி ரூபாய் கடனுக்கு முப்பது பக்கம் அப்ரைசல் எழுதுகிற நான், மகளின் உயிர் சம்பந்தப்பட்ட சாமானை லேபிளைக்கூடச் சரியாகப் படிக்காமல் வாங்கியிருந்தேன். அந்த வெட்கத்தில்தான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது.

அடுத்த வாரமே போலீஸ் பஜாரில் ஒரு கடை. விற்பனைப் பையன் சொன்னான்: "பத்தாயிரம் எம்.எம். சார். சோஹ்ராவில் ஒரு வருஷம் பெய்கிற மழையை அப்படியே தாங்கும்." சோஹ்ரா என்றால் நாம் புத்தகத்தில் படித்த சிரபுஞ்சி. அங்கே ஆண்டு சராசரி 11,000 மில்லிமீட்டருக்கும் மேல். கணக்கு அழகாகப் பொருந்தியதால் எனக்கே ஒரு நிமிஷம் சரி என்று பட்டது! ஆனால் அந்த மில்லிமீட்டர் வேறு, இந்த மில்லிமீட்டர் வேறு. துணியை இறுக்கிப் பிடித்து, அதன் மேல் ஒரு குழாயை நிமிர்த்தி வைத்துத் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரம் ஊற்றினால் துணியின் அடுத்த பக்கம் துளி எட்டிப் பார்க்கிறதோ அதுதான் லேபிளில் இருக்கும் எண். மழை அளவு அல்ல, அழுத்தம். சும்மா விழுகிற மழைக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. ஈரத்தரையில் உட்காரும்போதும், முட்டி போடும்போதும், முதுகுப்பையின் வார் தோளை அழுத்தும்போதும்தான் அந்த எண்ணுக்கு வேலை.

அப்படியானால் தண்ணீர் எங்கே வழியாக வருகிறது? தையல் வழியாக. ஊசி குத்திய ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு வாசல். நல்ல கோட்டில் உள்பக்கம் எல்லாத் தையல் மேலும் பட்டையாக டேப் ஒட்டியிருப்பார்கள். சில கோட்டுகளில் தோளிலும் தலைமூடியிலும் மட்டும் ஒட்டிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். கடையிலேயே கோட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பத்து வினாடி வேலை. விற்பனைப் பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். எனக்கு ஐந்தாறு வருஷமாகப் பறவை பார்க்கிற பைத்தியம். சனி ஞாயிறு ஆனால் கேமராவும் பைனாகுலருமாகக் கிளம்பிவிடுவேன். என் மனைவியின் தம்பி ஸ்காட்லாந்தில் இன்வர்னஸில் இருக்கிறான். 2023இல் ஊருக்கு வருவதற்கு முன்னால் போன் பண்ணி, "அத்தான், உங்களுக்கு என்னத்த வாங்கிட்டு வர?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் மனைவி குறுக்கே புகுந்து, "உங்க அத்தானுக்கு மழையில போட ஒரு நல்ல கோட்டு வாங்கிட்டு வாடா, வாராவாரம் ஷூட்டிங், ஷூட்டிங்னு கிளம்பிடுதாரு" என்றாள். அவனும் நல்ல பிள்ளையாகக் கடையில் போய் 'ஷூட்டிங்'குக்கு ஒரு வாட்டர் ப்ரூஃப் கோட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அந்த ஊரில் ஷூட்டிங் என்றால் துப்பாக்கிதான். கடைக்காரர் மான் வேட்டைக்காரர்கள் போடுகிற கோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார் :-)

பெட்டியைப் பிரித்து லேபிளைப் படித்ததும் மனைவி முகம் மாறியது. எங்கள் வீடு சைவம். "மான் கொல்லுதவன் சட்டையையா போட்டுட்டுத் திரியப் போறீங்க?" என்றாள். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை குற்றம். அங்கே நிலைமை வேறு. ஓநாய்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒழிந்துபோயின. செம்மான்களைப் பிடித்துத் தின்ன இயற்கையில் யாரும் இல்லை. அவை பெருகிப் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் காடு மறுபடி முளைக்க வழியில்லை. அதனால் கணக்குப் பார்த்துச் சுடுகிறார்கள். பெண்மானுக்கான பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை, அதாவது நல்ல குளிர்காலத்தில். இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "சரி சரி, துப்பாக்கி வாங்காம இருந்தா போதும்" என்று முடித்துக்கொண்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் மழைக்கோட்டு என்பதே எனக்குப் புரிந்தது.

மான் தேடிப் போகிறவன் செய்வது இரண்டே வேலை. காற்றுக்கு எதிர்த்திசையில், புதரோடு புதராக ஊர்ந்து கிட்டே போவான். பிறகு ஈரத்தரையில் அசையாமல் ஒரு மணியோ இரண்டு மணியோ கிடப்பான். மானுக்குக் காது பயங்கரக் கூர்மை. சாதாரண மழைக்கோட்டு கையை மடக்கினாலே சரசரக்கிறதல்லவா, அந்தச் சத்தம் போதும், மலை தாண்டி ஓடிவிடும். அதனால் இந்தக் கோட்டின் வெளித்துணி கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கிறது, சத்தமே இல்லை. தண்ணீரைத் தடுக்கும் படலம் உள்ளே ஒளிந்திருக்கிறது. (அந்தக் காலத்தில் இதே காரணத்துக்காகத்தான் ட்வீட் கம்பளி போட்டார்கள், நனையும், ஆனால் சத்தம் போடாது, நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்புக் கொடுக்கும்.) உட்காருகிற இடம் நனையாதபடி நீளம் கீழே இறங்குகிறது. மணிக்கட்டில் உள்ளுக்குள் இன்னொரு இறுக்கமான பட்டை. இது எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. மழையில் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்த அன்றைக்குத்தான் புரிந்தது. கையைத் தூக்கினால் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடும்! நிறம் பாசிப்பச்சை. மானுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும் என்கிறார்கள். நீல ஜீன்ஸோடு காட்டுக்குள் போகிறவர்கள் கவனிக்க.

உம்லிங்கா பக்கமோ மாஃப்லாங் சோலை ஓரமோ, தூறலில் ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டுமா? இதைவிட நல்ல கோட்டு கிடையாது. ஆனால் இதே கோட்டைப் போட்டுக்கொண்டு மலைப்படி ஏறிப் பாருங்கள். போன வருஷம் ஒரு சுயஉதவிக் குழு ஆய்வுக்காக ஒரு கிராமத்துக்கு ஆயிரம் படி இறங்கி ஏறினேன். கோட்டு மட்டும் ஒன்றரைக் கிலோ. மேலே வந்து கழற்றினால் உள்சட்டையைப் பிழிந்து காயப்போடும்படி ஆகிவிட்டது. ஒரு சொட்டு மழைகூட உள்ளே வரவில்லை. முழுக்க என் சொந்தத் தயாரிப்பு.

என் கட்சி இதுதான். எத்தனை எம்.எம்., எந்த பிராண்டு என்று கேட்பதற்கு முன்னால், மழையில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். உட்காருகிறவனுக்கு வேண்டிய கோட்டு வேறு, நடக்கிறவனுக்கு வேண்டியது வேறு. நடக்கிறவனுக்குக் கனம் குறைய வேண்டும், தையல் முழுக்க டேப் வேண்டும், அக்குளில் திறந்து காற்று விட ஜிப் வேண்டும், தலைமூடி தலையோடு திரும்ப வேண்டும். கதகதப்புக்கு உள்ளே தனியாக ஒரு ஃப்ளீஸ்; பருத்தி கூடாது. 'மூச்சு விடும் துணி' என்று விளம்பரத்தில் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். வேர்வை ஆவி வெளியே போக வேண்டுமானால் வெளியே உள்ளதைவிட உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் குளிரில் அது நடக்கும். ஜூலை மாத மும்பையிலும் கொச்சியிலும் வெளியேயும் அதே புழுக்கம் என்றால் ஆவி எங்கே போகும்? அங்கே இருக்கிறவர்கள் பதினைந்தாயிரம் கொடுத்து இறக்குமதி ஜாக்கெட் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு நல்ல குடை, மாற்றுச் சட்டை, முடிந்தது கதை.

உண்மையில் இந்த ஊர்க்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். வயலில் குனிந்து வேலை செய்கிற காசிப் பெண்கள் முதுகில் 'க்னூப்' என்று ஒன்றைக் கவிழ்த்துக்கொள்வார்கள். மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னியது, ஆமை ஓடு மாதிரி தலையிலிருந்து முட்டி வரை மூடும். இரண்டு கையும் வேலைக்கு. கீழே திறந்திருப்பதால் புழுக்கமே கிடையாது. அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏற முடியாது என்பது ஒன்றுதான் குறை.

பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. "ஒரு வருஷம் நன்றாக இருந்தது, இப்போது ஒழுகுகிறது" என்கிறவர்களில் பலருக்குக் கோட்டு ஒழுகவே இல்லை. வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோட ஒரு பூச்சு உண்டு. அழுக்கும் எண்ணெயும் ஏறினால் அது வேலை செய்யாது. துணி நீரைக் குடித்துக் கனத்து உடம்பில் ஜில்லென்று ஒட்டும், வேர்வையும் வெளியே போகாது. முன்பு இதற்கு ஃப்ளூரின் ரசாயனங்களைப் பயன்படுத்தினார்கள். அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குவதால் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. புதிய பூச்சுகள் எண்ணெய்ப் பிசுக்கை அவ்வளவாகத் தாங்காது. ஆகவே அடிக்கடி துவைக்கத்தான் வேண்டும். துணியை மெதுவாக்கும் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். லேபிள் அனுமதித்தால் லேசான சூட்டில் உலர்த்துங்கள், பூச்சு திரும்ப உயிர் பெறும். இன்னொன்று, மலிவான கோட்டுகளில் உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்து உரியும். பீரோவில் ஐந்து வருஷம் மடித்து வைத்த கோட்டை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். போடாமலே தேய்மானம் ஏறுகிற சொத்து அது.

எந்தக் கோட்டு வாங்கினாலும் பிள்ளையை அனுப்புவதற்கு முன் வீட்டுக் குளியலறையில் ஒரு பரீட்சை வையுங்கள். உள்ளே வெளிர்நிறப் பருத்திச் சட்டை, மேலே கோட்டு. ஷவருக்கு அடியில் பத்து நிமிஷம். கையைத் தூக்கு, குனி, தலையைத் திருப்பு. கழற்றிப் பார்த்தால் சட்டையில் ஈரம் எங்கே இருக்கிறதென்று அப்பட்டமாகத் தெரியும். நான் என் மகளுக்கு வாங்கிய இரண்டாவது கோட்டு இந்தப் பரீட்சையில் கழுத்துப் பக்கம் தோற்றுப்போனது, மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது பாஸ். விலை 4,200. அதைப் போட்டுக்கொண்டு போன அக்டோபரில் அதே டேவிட் ஸ்காட் பாதையை மறுபடி நடந்தாள். இந்த முறை நானும் கூடப் போனேன். மழை பெய்தது.

டீக்கடை கோங்குக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். என் மான்காரன் கோட்டின் கையைத் தடவிப் பார்த்து, என்ன விலை என்று கேட்டார். மச்சினன் கொடுத்தது, தெரியாது என்று சொல்லித் தப்பித்தேன்.