காணிக்கைக் கவரில் எழுதாமல் விட்ட வரி

மூன்று மாதமாக நான் எதுவும் எழுதவில்லை. சோம்பல் காரணமில்லை, இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம்.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது எங்கள் முன்னறைச் சுவர். பளீரென்று வெள்ளை. போன வருடம் பெயிண்ட் அடித்த பையனிடம், "வெள்ளை கேட்டால் மஞ்சளை அடித்து வைத்திருக்கிறாயே" என்று சண்டை போட்டு இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்திருந்தேன். மஞ்சள் என் கண்ணில் இருந்திருக்கிறது. அந்தப் பையனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக வேலை பார்த்தவன் நான். ஓடுகிற ரயிலில், மங்கல் விளக்கில், கோழி கிண்டியது போன்ற முகவரிகளைப் படித்துப் பிரித்தே காலம் போயிற்று. 1972-லேயே பின்கோடு வந்துவிட்டது, எழுதத்தான் ஆளில்லை. அப்படிப்பட்ட எனக்கு, கோயிலில் பாட்டுப் புத்தகத்தை வெறுமனே கையில் பிடித்து நிற்க வேண்டிய நிலை வந்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஜெபித்தேன். கண் கிடைத்தது.

இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில்தான் எனக்குச் சங்கடம்.

எங்கள் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் காரணத்தை எழுதிக் கொடுப்போம். ஆராதனையில் அதை வாசிப்பார்கள். நானும் கவரை எடுத்து, "என் ஜெபத்தைக் கேட்டு" என்று தொடங்கிவிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஒருவர் என் அம்மா. 1971-ல் ஒரு கண் முகாமில் அவளுக்குப் புரை எடுத்தார்கள். அந்தக் காலத்து முறையில் லென்ஸை முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே எதுவும் வைப்பதில்லை. தலையை அசைக்காமல் நாள் கணக்கில் படுத்திருக்க வேண்டும். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அம்மாவுக்கு அந்தக் கண்ணாடியும் வாய்க்கவில்லை. புண் சீழ் பிடித்து அந்தக் கண்ணே போயிற்று. பயந்துபோய் அடுத்த கண்ணைத் தொட விடவில்லை. அதுவும் மெல்ல மெல்ல மங்கியது. அதன்பின் ராத்திரி தோறும் நான்தான் அவளுக்கு வேதம் வாசிப்பேன். எனக்குப் பதினைந்து வயது, வாசலில் பையன்கள் காத்திருப்பார்கள். 119-ஆம் சங்கீதத்துக்கு 176 வசனம்! நாலைந்து வசனத்தைத் தாண்டி வாசிப்பேன். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் வெளியே ஓடியபின், விட்டுப்போன வசனங்களை மனப்பாடமாகத் தனக்குள் சொல்லிக்கொள்வாள் என்று அக்கா பின்னாளில் சொன்னாள். என்னைவிட நூறு மடங்கு ஜெபித்தவள் அவள்.

இன்னொருவர் கோயிலில் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்காரும் நண்பர். அவருக்குக் கிளாக்கோமா. நரம்பு கெட்டுப்போனதால், போன பார்வை திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு நல்லா வரும். நானும் ஜெபம் பண்றேன்" என்றார். அவர் காதில் விழும்படி அந்தக் கவர் வாசிக்கப்பட வேண்டும்.

நாம் சாட்சி சொல்லும்போது, கேட்டேன், கொடுத்தார் என்று ரசீது போல ஒப்பித்துவிடுகிறோம். கேட்டும் கிடைக்காதவர் நாலு பேர் அதே பெஞ்சில் இருப்பார்கள். அவர்கள் விசுவாசத்தில் ஏதோ குறை என்று நாம் வாயால் சொல்வதில்லை. சொல்லாமலே அது அவர்கள் மேல் விழுந்துவிடுகிறது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. அவரே போடாத கணக்கை நாம் ஏன் போட வேண்டும்?

அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பதும் சரியில்லை. மூன்று ஞாயிறு அப்படித்தான் இருந்து பார்த்தேன். கூச்சம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்; உண்மையில் அது நன்றிகெட்டதனமாகத்தான் பட்டது. லூக்கா 17-ல் குஷ்டரோகிகள் பத்துப் பேரும் சுத்தமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன். வராத ஒன்பது பேருக்கும் நோய் மறுபடி வந்ததாக எழுதியில்லை. சுகத்துக்கு நன்றியை விலையாகக் கேட்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. வந்தவனோ சமாரியன், வெளியாள்.

வெளியாள் என்றதும் டாக்டர் வெங்கடசாமி நினைவு வருகிறது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர், அரவிந்தரின் பக்தர். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன பின்னும் பழகிப் பழகி ஆயிரக்கணக்கில் கண் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். (ஓய்வு பெற்று நான் செய்தது பெயிண்ட் அடிக்கிறவனோடு சண்டை.) வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992-ல் அவர்களே ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே மலிவாகச் செய்ய ஆரம்பித்தார்கள்.

அந்த லென்ஸுக்கு முன்கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டடிபட்ட விமானங்களின் முகப்பு பிளாஸ்டிக் சிதறி விமானிகளின் கண்ணுக்குள் போயிற்று. அந்தத் துண்டுகளைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொண்டதை ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கிலேய டாக்டர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949-ல் லண்டனில் ஒரு நோயாளிக்கு வைத்தார். சக டாக்டர்கள் பல வருடம் அவரை எதிர்த்தார்கள். அதெல்லாம் தாண்டி அந்த வித்தை ஊர் ஊராக வந்து சேர்வதற்குள் அம்மாவின் காலம் முடிந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு விமானி கண்ணை இழந்ததில் தொடங்கிய காரியம், கால் மணி நேரத்தில் எனக்குப் பார்வையாக வந்து முடிந்திருக்கிறது. இதை என் ஜெபத்தின் பலன் என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. கர்த்தர் செய்தார் என்பதில் சந்தேகமில்லை. எத்தனை பேர் கையைப் பிடித்துச் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நாலாவது ஞாயிறு கவரில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "என் வலது கண்ணுக்காகவும், அதற்கு உழைத்த எல்லோருக்காகவும், அம்மாவின் ஜெபங்களுக்காகவும்." ஐயர் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "கண்ணு எனக்கு வந்தாப்புல, மருந்து ஊத்துன என் பேரு எங்க?" என்று வீட்டம்மாள் கேட்டாள். 'எல்லோருக்காகவும்' என்பதில் நீயும் அடக்கம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதக் கவரில் அவளுக்குத் தனி வரி.

நண்பர் ஆராதனை முடிந்து ஒன்றுமே சொல்லவில்லை. வாசல் படியில் கையைக் கொடுத்தேன், பிடித்து இறங்கினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து வாசிக்கட்டுமா என்று கேட்டேன். 119-ஆம் சங்கீதத்தை ஒரு வசனம் விடாமல் வாசிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

"வாங்க அண்ணாச்சி" என்றார். "வேதம் எனக்கு மொபைல்லயே கேக்குது. பேப்பர் எடுத்துட்டு வாங்க. கிரிக்கெட் பக்கத்தை வாசிக்கத்தான் ஆள் இல்ல."